பதினாறு வயதுக்கு ஒரு நாவல்: முடிவு யார் கையில்?

கேள்வி: பெரியவர்களுக்கான சிறுகதைகள் எழுதிப் பழக்கம் உண்டு. இப்போது பதினாறு வயதுப் பெண்ணை மையமாக வைத்து, அந்த வயதுப் பிள்ளைகளே எடுத்துப் படிக்கிற மாதிரி ஒரு நாவல் எழுத ஆசை. எங்கே தொடங்குவது, எத்தனை பக்கம், எத்தனை மாதம், எங்கே சறுக்கும்?

சறுக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாமே அதைச் சுற்றித்தான் வரும்.

பெரியவர்களுக்கு எழுதிப் பழகியவர் இளையோர் நாவலுக்கு வரும்போது, தனக்கே தெரியாமல் ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். அந்தப் பெரியவர் கதாபாத்திரமாக வரமாட்டார், கதை சொல்கிற குரலுக்குள் உட்கார்ந்திருப்பார். "அந்த வயதுக்கே உரிய வேகத்தில் அவள் அப்படிச் சொல்லிவிட்டாள்" என்று ஒரு வரி எழுதுவார். எழுதியவருக்கு அது கனிவாகத் தெரியும். படிக்கிற பதினாறு வயதுக்காரிக்கோ, யாரோ தலையில் தட்டிவிட்டுப் போனது மாதிரி இருக்கும். புத்தகம் அங்கே மூடப்படும்.

பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள் என்பதால் மட்டும் ஒன்று இளையோர் நாவல் ஆகிவிடாது. நாற்பது வயதில் நின்று பதினாறைத் திரும்பிப் பார்த்தால் அது பெரியவர்களுக்கான நாவல், அருமையான நாவலாகக்கூட இருக்கலாம். இளையோர் நாவலில் கதை சொல்பவளுக்கு அடுத்த மாதம் என்ன ஆகும் என்று தெரியாது. கதையின் திருப்பங்களில் முடிவெடுப்பவள் அவள், அதற்கான விலையைக் கொடுப்பவளும் அவள். அமெரிக்காவில் இந்த வகைக்கு அடித்தளம் போட்டதாகச் சொல்லப்படும் 'தி அவுட்சைடர்ஸ்' 1967இல் வந்தபோது, எழுதிய எஸ். ஈ. ஹின்டனுக்கு வயது 18. எழுதத் தொடங்கியது 15 வயதில். அவருக்கு இந்தச் சிக்கலே கிடையாது, உள்ளே நுழைய அங்கே பெரியவர் யாரும் இல்லை. நமக்கு அந்த வசதி இல்லாததால், செய்முறை முழுவதையும் அந்தப் பெரியவரை வெளியே நிறுத்திவைக்கிற மாதிரி அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வெறுமனே பேசினால் புரியாது, ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். குமாரபாளையம். காவிரிக்கு அந்தப் பக்கம் பவானி, இந்தப் பக்கம் விசைத்தறி. வினோதினி, பிளஸ் ஒன், பதினாறு வயது. அம்மா வீட்டில் ஜாக்கெட் தைக்கிறார். வகுப்புத் தோழி சத்யாவின் அப்பா தறிக்காரர். வேலைக்குச் சேரும்போது வாங்கிய முன்பணம் அடைபடாமல் கிடக்கிறது, சத்யாவும் பள்ளி விட்டு வந்து தார் சுற்றுகிறாள், அதாவது தறிக்கு வேண்டிய நூலைக் குழலில் சுற்றித் தருகிறாள். ஒரு நாள் தைப்பதற்கு வந்த பட்டுத் துணியோடு கூட வந்த அளவு ஜாக்கெட் சத்யாவுடையது என்று வினோதினிக்குத் தெரிகிறது. சத்யாவுக்குக் கல்யாணம். இதை வைத்துக்கொண்டு வேலை எப்படி நடக்கும் என்று பார்க்கலாம்.

எழுத உட்காருவதற்கு முன் மூன்று, நான்கு வாரம் குறிப்பு நோட்டுக்கே போகட்டும். 'கதாபாத்திரத்துக்குப் பிடித்த நிறம் என்ன' என்கிற மாதிரி அட்டவணைகள் எதற்கும் உதவுவதில்லை. மூன்று விஷயங்களைக் கண்டுபிடித்தால் போதும்: நேரம், காசு, கதவு.

நேரம் என்றால், அவளுடைய ஒரு வேலை நாளும் ஒரு ஞாயிறும், மணிக்கணக்கில். எத்தனை மணிக்கு எழுகிறாள், தண்ணீர் பிடிப்பது யார், டியூஷன் காலையிலா மாலையிலா, எந்தப் பேருந்து. அதோடு பள்ளி நாட்காட்டி. ஜூனில் திறப்பு, செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, ஜனவரி பிப்ரவரியில் திருப்புதல் தேர்வு, பிறகு செய்முறைத் தேர்வு, மார்ச்சில் முழு ஆண்டுத் தேர்வு. பிள்ளைகளின் வாழ்க்கை இந்தக் கட்டங்களுக்குள் ஓடுகிறது. பிப்ரவரியில் பிளஸ் டூ படிக்கிற பெண் யாருக்கும் தெரியாமல் மூன்று நாள் ஊர் சுற்றிவிட்டு வந்தாள் என்று எழுதினால், வாசகி சிரிப்பாள். அவள் ஒரு ஸ்பெஷல் கிளாஸுக்குப் போகாவிட்டாலே வீட்டுக்குப் போன் வந்துவிடும்.

இந்த நாட்காட்டி சுமை மாதிரி தெரியும், உண்மையில் பெரிய உதவி. இளையோர் நாவலுக்குக் குறுகிய காலம்தான் நல்லது: ஆறு வாரம், ஒரு பருவம், மிஞ்சினால் ஒரு கல்வியாண்டு. நம் கதையில் கார்த்திகை கடைசியில் ஜாக்கெட் துணி வருகிறது. மார்கழியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. தையில் முதல் முகூர்த்தம். நடுவில் அரையாண்டுத் தேர்வும் விடுமுறையும். ஏழு வாரம், கடிகாரம் தானாகவே ஓடுகிறது. வெளியிலிருந்து ஒரு பரபரப்பைக் கொண்டுவந்து ஒட்டவைக்கத் தேவையில்லை.

காசு. அவள் கையில் எவ்வளவு இருக்கும், எங்கே ஒளித்து வைப்பாள், ரீசார்ஜ் செய்வது யார். 'பேருந்து பிடித்து ஈரோடு போனாள்' என்று ஒரு வரி எழுதும்போது அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்ல வேண்டியதில்லை, தெரிந்திருந்தால் போதும், காட்சி தடுமாறாது.

கதவு. இதில்தான் தமிழில் எழுதுகிறவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். பிற மொழி இளையோர் நாவல்களைப் படித்த பழக்கத்தில், கோபம் வந்தால் பெண் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அறை இருக்கிறது, இருந்தாலும் தாழ்ப்பாள் போட்டால் எவ்வளவு நேரம் விடுவார்கள்? வினோதினியின் வீட்டில் முன்னறை, தையல் மெஷின், சமையல்கட்டு. அவ்வளவுதான். அவள் அழுவதற்கு இடம் எது? குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழலாம். போன் பேச மொட்டை மாடி, ஆனால் பக்கத்து மாடியில் வடகம் காயப்போடும் அக்கா இருப்பார். தறி ஓடும் நேரத்தில் தறிக்கூடத்துக்குப் பக்கத்தில் நின்று பேசினால் யாருக்கும் கேட்காது, ஆனால் எதிரில் நிற்பவளின் காதுக்குள் கத்தவேண்டும். ரகசியத்தைக் கத்திச் சொல்லவேண்டிய இடம். இப்படி ஓர் இடம் அகப்பட்டால், அங்கே நாவலின் முக்கியமான காட்சி ஒன்று தயாராகிவிட்டது என்று பொருள். கரண்ட் போய்த் தறி சட்டென்று நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பாதி வாக்கியம் தெருவுக்கே கேட்கும்.

போனும் ஒரு கதவுதான். தனிப் போனா, அம்மாவின் போனா, அண்ணன் பார்த்துவிட்டுத் தருகிற போனா? குடும்பப் போனாக இருந்தால், வந்த மெசேஜை அழிப்பதே ஒரு நிகழ்ச்சி.

குறிப்புக்காகப் பிள்ளைகளைக் கவனிப்பதில் ஓர் எச்சரிக்கை. பேருந்திலும் டியூஷன் வாசலிலும் காது கொடுத்துக் கேட்கலாம். தெரிந்த பிள்ளை நம்பிச் சொன்ன விஷயத்தை அப்படியே கதையில் வைக்கக் கூடாது. பெயரை மாற்றினாலும் வகுப்பு முழுக்கக் கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது கதைச் சுருக்கம், ஒரே பக்கம். அதில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் எதிரே ஒரு கேள்வி: இங்கே முடிவெடுத்தது யார்? நம் கதையின் முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்: வினோதினி ஆசிரியையிடம் சொல்கிறாள், ஆசிரியை அதிகாரிகளிடம் சொல்கிறார், அதிகாரிகள் வந்து கல்யாணத்தை நிறுத்துகிறார்கள், சத்யா மறுபடி பள்ளிக்கு வருகிறாள். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் நாவல் இல்லை. வினோதினி செய்தது தகவல் சொன்னது மட்டும். மீதியைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். இது விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரம்.

இதைச் சரிசெய்ய, பெரியவர்களைக் கெட்டவர்களாகவோ முட்டாள்களாகவோ ஆக்கிவிடுவது ஒரு சுலப வழி. அதைச் செய்யாதீர்கள், பிள்ளைகள் அதையும் நம்புவதில்லை. முடிவைக் கடினமாக்குங்கள். மாப்பிள்ளை வீட்டார் முன்பணக் கடனை அடைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சத்யாவே தெளிவாக 'வேண்டாம்' என்று சொல்லவில்லை, இரவெல்லாம் தார் சுற்றிக் களைத்துப் போயிருக்கிறாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வினோதினியின் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு யாரும் பெயர் சொல்லாமல் அழைக்கலாம், ஆனால் அந்தத் தெருவில் ஜாக்கெட் விஷயம் தெரிந்தவர்கள் நான்கே பேர். இப்போது அந்த எண்ணை அழுத்துவதா வேண்டாமா என்பது வினோதினியின் தலையில் விழுகிறது. அதை எந்த ஆசிரியையும் அவளுக்குப் பதிலாகச் சுமக்க முடியாது.

அந்த அழைப்பை நாவலின் உச்சமாகக் கடைசியில் வைக்காமல், அறுபது சதவீதத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். கடைசியில் வைத்தால் அவள் நல்லது செய்தாள், கதை முடிந்தது என்று ஆகிவிடும். நடுவில் வைத்தால், பிறகு என்ன ஆகிறது என்று எழுதியே தீரவேண்டும். சமூக நல அலுவலரும் போலீஸும் வருவார்கள், பெற்றோரிடம் எழுதி வாங்குவார்கள், தேவைப்பட்டால் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்துவார்கள், சில நாள் காப்பகத்தில் இருக்கவும் நேரலாம். முன்பணம் அப்படியே நிற்கும். சத்யா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாவலின் மீதி நாற்பது சதவீதம் அதுதான், அதுதான் பதினாறு வயது வாசகிக்கு வேறு எங்கும் கிடைக்காதது. சட்ட நடைமுறையை மட்டும் விசாரித்து உறுதி செய்துகொண்டு எழுதுங்கள். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006 கையில் இருக்கட்டும், ஆனால் கதாபாத்திரம் யாரும் அதன் பெயரை முழுசாகச் சொல்ல வேண்டாம்.

அளவு. ஆங்கில இளையோர் நாவல்களுக்குச் சொல்லும் ஐம்பதாயிரம், எழுபதாயிரம் சொல் கணக்கைத் தமிழில் அப்படியே வைக்காதீர்கள். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே விஷயம் குறைந்த சொற்களில் முடிந்துவிடும். 35,000 முதல் 45,000 சொல் போதும். ஒரு திட்டம்: 26 அத்தியாயம், அத்தியாயத்துக்கு 1,500 சொல், மொத்தம் 39,000. நாவல்களுக்கு வழக்கமான டெம்மி அளவில் பக்கத்துக்கு 220 சொல் என்று வைத்தால் ஏறத்தாழ 180 பக்கம். முன்பக்கங்களையும் சேர்த்தால் 192, அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்றால், 12 ஃபாரம். அச்சகத்துக்கு இந்தக் கணக்குப் பிடிக்கும். முதல் அத்தியாயம் மட்டும் 1,000 சொல்லைத் தாண்ட வேண்டாம், அதற்குள் ஜாக்கெட் வந்துவிட வேண்டும். ஊர் வர்ணனையில் தொடங்குவது பெரியவர்களின் பழக்கம்.

ஒரு நாளைக்கு 600 சொல், வாரம் ஐந்து நாள் என்றால் 13 வாரத்தில் முதல் வரைவு முடியும். வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது முடிகிற கணக்குதான். எழுதும்போது திரும்பிப் போய்த் திருத்தாதீர்கள். திருத்தவேண்டியதை ஓரத்தில் குறித்துக்கொண்டு மேலே போங்கள்.

இனி மொழி. மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுக்கப்போவது இதுதான். ஒரே கணம், மூன்று விதமாக:

"சத்யாவின் ரவிக்கையைக் கண்டதும் தன் தோழியின் கல்விக் கனவு சிதையப்போவதை வினோதினி உணர்ந்தாள். அந்த இளம் உள்ளம் துடித்தது."

"செம ஷாக்! அது சத்யாவோட பிளவுஸ்டி! அவ லைஃபே டோட்டலா காலி!"

"அளவுக்குக் கொடுத்திருந்த ஜாக்கெட்டின் இடது கை ஓரத்தில் மருதாணிக் கறை. ஆண்டு விழா அன்றைக்கு அந்தக் கோனைப் பிதுக்கியது நான்தான். அம்மா டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தாள். யாருடையது என்று நான் கேட்கவில்லை."

முதலாவதில் பெரியவர் நேராகவே பேசுகிறார். இரண்டாவதில் அவரே பிள்ளை வேஷம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார், இது இன்னும் மோசம். மூன்றாவதில் 'உணர்ந்தேன்' என்ற சொல் இல்லை. அவள் பார்த்தது இருக்கிறது, செய்யாமல் விட்டது இருக்கிறது. வாசகி மிச்சத்தைத் தானே போட்டுக்கொள்வாள்.

இந்த மூன்றாவதில் இன்னொன்றையும் கவனியுங்கள். நடை எழுத்துத் தமிழ்தான், பேச்சுத் தமிழ் இல்லை. 'நான்' சொல்கிற நாவல் என்றால் முழுக்கப் பேச்சு வழக்கில் எழுத வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 180 பக்கத்துக்கு 'வந்துட்டு', 'போயிட்டு' என்று படித்தால் கண் வலிக்கும், அந்த வட்டாரம் தெரியாத பிள்ளைகள் பத்தாம் பக்கத்தில் களைத்துவிடுவார்கள். கதை ஓட்டம் எளிய எழுத்து வழக்கிலும், உரையாடல் பேச்சு வழக்கிலும் இருப்பது பெரும்பாலும் சரியாக வரும். எழுத்து வழக்குக்குள்ளும் பேச்சின் மூச்சைக் கொண்டுவரலாம்: சிறிய வாக்கியம், 'தான்', 'கூட', 'மட்டும்' போன்ற ஒட்டுச் சொற்கள், வினை இல்லாமல் முடியும் வாக்கியம். 'பார்த்தாள், எடுத்தாள், வைத்தாள்' என்று தொடர்ந்து மூன்று வாக்கியம் ஒரே ஒலியில் முடிந்தால் ஒன்றையாவது பெயர்ச்சொல்லில் முடியுங்கள். நிகழ்கால நடை ஆங்கிலத்தில் இந்த வகைக்குப் பிடித்தமானது. தமிழில் 'வருகிறேன், எடுக்கிறேன், பார்க்கிறேன்' என்று நீண்ட நாவலில் அது கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஆகிவிடும். இறந்தகாலமே போதும்.

வட்டார வழக்கில் அளவு தேவை. கொங்கு என்றால் பாட்டி 'ஏஞ்சாமி' என்பார், அம்மா வழித் தாத்தாவை 'அப்பிச்சி' என்பார்கள், பேத்தியைக் 'கண்ணு' என்பார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகளோ பள்ளியில் ஒரு மாதிரியும் வீட்டில் ஒரு மாதிரியும் பேசுவார்கள். இந்த மாற்றத்தைக் காட்டினால் வழக்கு உயிரோடு இருக்கும். கொச்சைச் சொற்கள் சீக்கிரம் பழசாகும். இன்றைய ரீல்ஸில் ஓடும் சொல்லை வைத்தால், புத்தகம் அச்சாகி வரும்போதே அது போன வருஷத்துச் சொல். பிள்ளைகளின் பேச்சில் அவ்வளவு சீக்கிரம் கெடாதது வேறொன்று: ஆசிரியர்களுக்கு அவர்கள் வைக்கும் பட்டப்பெயர், தங்களுக்குள் மட்டும் புரிகிற ஒரு சொல். அதை நீங்களே உருவாக்குங்கள். புத்தகத்துக்குள் பிறந்த சொல் பழசாகாது.

தமிழுக்கே உரிய ஒரு கருவி இருக்கிறது, அதைச் சரியாகப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. உறவுச் சொல்லும் மரியாதை விகுதியும் இந்த வயதில் ஆயுதம். பிளஸ் டூ பையன் பேச வரும்போது 'சொல்லுங்கண்ணா' என்று ஒரு பெண் தொடங்கினால், அதிலேயே கதவு சாத்தியாகிவிட்டது. 'ண்ணா' என்றைக்கு உதிர்கிறதோ அன்றைக்குத் தோழிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். காதல் கடிதம் தேவையில்லை.

அதைவிடக் கூரானது 'நாம', 'நாங்க' வேறுபாடு. கதை முழுக்கச் சத்யா வினோதினியிடம் 'நாம' என்றே பேசட்டும்: நாம போலாம், நாம எழுதிக்கலாம், நம்ம மிஸ். அதிகாரிகள் வந்துபோன பிறகு வினோதினி வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். சத்யா சொல்கிறாள்: "பரவால்ல. நாங்க பாத்துக்கறோம்." குரலை உயர்த்தவில்லை, திட்டவில்லை. 'நாம' என்ற கூட்டத்திலிருந்து வினோதினியை வெளியே வைத்துவிட்டாள், அவ்வளவுதான். அந்த வரிக்குப் பிறகு 'அவள் மனம் உடைந்தது' என்று சேர்த்தால் காட்சி செத்துவிடும். இது வேலை செய்ய வேண்டுமானால் முந்தைய இருபது அத்தியாயத்திலும் 'நாம' தவறாமல் வந்திருக்க வேண்டும். திருத்தும்போது தேடிப் பார்த்துச் சரிபாருங்கள்.

மெசேஜ் உரையாடல் வராத இளையோர் நாவல் இன்று கிடையாது. பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். புத்தகத்தில் அப்படியே அடித்தால் பக்கம் அசிங்கமாகும், படிக்கவும் முடியாது. தமிழ் எழுத்திலேயே, நிறுத்தற்குறி இல்லாமல், உடைந்த சிறு வரிகளாக, சற்று உள்தள்ளி வையுங்கள். ஒரு தடவைக்கு ஆறேழு வரிக்கு மேல் வேண்டாம். செயலியின் பெயரைச் சொல்லாமல் 'மெசேஜ்' என்றாலே போதும். வரிகளைவிட அவற்றைச் சுற்றி நடப்பதுதான் நாடகம்: படித்துவிட்டாள் என்று காட்டுகிறது, பதில் இல்லை. 'டைப்பிங்' என்று வந்து நின்றுவிடுகிறது. 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது'. நீக்கிய மெசேஜில் என்ன இருந்தது என்பதைக் கடைசிவரை சொல்லாமலே விடலாம்.

கனமான விஷயங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இந்த வயதுக்காரர்களிடம் மறைக்கவேண்டிய தலைப்பு என்று எதுவும் இல்லை, காட்டும் விதத்தில்தான் பொறுப்பு. 18 வயதுக்குட்பட்ட கதாபாத்திரத்தைப் பாலியல் வர்ணனைக்குள் கொண்டுபோகக் கூடாது. துன்புறுத்தலை எழுதினால், அதன் பின்விளைவையும் யாரிடம் சொல்வது என்கிற தவிப்பையும் எழுதுங்கள், செயலை விவரிக்காதீர்கள். தற்கொலை வந்தால் வழிமுறை விவரம் கூடாது, அதை ஒரு தீர்வாகவோ பழிவாங்கலாகவோ காட்டக் கூடாது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 1098, மனநல உதவிக்கு 14416 இரண்டையும் அச்சிடலாம். சாதியைத் தொடாமல் தமிழ்நாட்டுப் பள்ளியை எழுதுவது கடினம். தென் மாவட்டப் பள்ளி என்றால் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

முதல் வரைவு முடிந்ததும் நான்கு வாரம் தொடாதீர்கள். பிறகு எட்டு வாரம் திருத்தம், மூன்று சுற்று.

முதல் சுற்றில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் எழுதுங்கள்: இங்கே முடிவெடுத்தது யார்? தொடர்ந்து மூன்று அத்தியாயத்தில் வினோதினி வேடிக்கை மட்டும் பார்த்திருந்தால் அங்கே கதை தொய்ந்திருக்கும். ஒட்டுக்கேட்டுத் தகவல் தெரிந்துகொள்ளும் காட்சி நாவலில் ஒன்றுக்கு மேல் இருந்தால் மீதியை வெட்டுங்கள். ஒட்டுக்கேட்பது சோம்பேறித்தனமான உத்தி, அதில் அவள் எதையும் பணயம் வைப்பதில்லை.

இரண்டாவது சுற்று, பெரியவரை வேட்டையாடுவது. கணினியின் தேடல் பெட்டியில் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள்: உணர்ந்தாள், உணர்ந்தேன், புரிந்துகொண்டேன், வாழ்க்கை, பக்குவம், அந்த வயதில், பிஞ்சு, வேண்டும். 'வேண்டும்' நூற்றுக்கணக்கில் வரும், பாதி அப்பாவியானது. 'நாம் தைரியமாக இருக்க வேண்டும்' மாதிரி வருவதை எடுத்துவிடுங்கள். பாட்டியும் நல்லாசிரியரும் தொடர்ந்து மூன்று வாக்கியத்துக்கு மேல் ஞானம் பேசினால், அதில் இரண்டை வெட்டிவிட்டு அந்த இடத்தில் அவர்களுக்கு ஒரு கைவேலை கொடுங்கள். வினோதினியின் அம்மா அறிவுரை சொல்வதைவிட, அந்தப் பட்டு ஜாக்கெட்டுக்குத் தையல் உள்பக்கம் அதிகத் துணி விட்டுத் தைப்பது நிறையச் சொல்லும். வளருகிற பிள்ளைக்குத் தைப்பவர்கள் அப்படித்தான் விடுவார்கள்.

மூன்றாவது சுற்று வாய்விட்டுப் படிப்பது, உரையாடலை மட்டுமாவது. மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

அதற்கப்புறம் அந்த வயது வாசகர்கள் ஐந்து பேர், பெற்றோருக்குத் தெரிவித்துவிட்டு. இரண்டு பேராவது வழக்கமாகக் கதைப் புத்தகம் படிக்காதவர்களாக இருக்கட்டும். 'பிடித்ததா?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் வரும், நம் பிள்ளைகள் பெரியவர்களிடம் வேறு எப்படிச் சொல்வார்கள். கேட்கவேண்டியது: எந்தப் பக்கத்தில் போனை எடுத்தாய்? எந்த இடத்தில் 'இப்படி யாரும் பேசமாட்டார்கள்' என்று தோன்றியது? வினோதினி அந்த எண்ணை அழைத்தது சரியா, உன்னால் முடிந்திருக்குமா? மூன்றாவது கேள்விக்கு ஐந்து பேரும் ஒரே பதில் சொன்னால் முடிவு போதுமான அளவு கடினமாக இல்லை, சுருக்கத்துக்குத் திரும்பிப் போகவேண்டும். ஐந்தில் மூன்று பேர் ஒரே பக்கத்தில் போனை எடுத்திருந்தால், சிக்கல் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் இருக்காது. அதற்கு இரண்டு மூன்று பக்கம் முன்னால், கேள்வி ஒன்று சீக்கிரமே தீர்ந்துபோன இடத்தில் இருக்கும்.

கூட்டிப் பார்த்தால் குறிப்பு ஒரு மாதம், எழுத்து மூன்று, ஓய்வு ஒன்று, திருத்தம் இரண்டு, வாசகர்களும் கடைசித் திருத்தமும் ஒன்றரை: எட்டு, ஒன்பது மாதம்.

பதிப்பகத்துக்கு யூனிகோட் எழுத்துருவில் வேர்டு கோப்பாக அனுப்புங்கள், ஒரு பக்கச் சுருக்கமும் சேர்த்து. பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் அமைக்கும் இடங்களில் ஒற்றும் கொம்பும் இடம் மாறிப் பிழை விழும். மெய்ப்பை நீங்களே ஒரு முறை, குறிப்பாக அந்த 'நாம', 'நாங்க' வரும் இடங்களை, பார்க்கக் கேளுங்கள். நல்லெண்ணத்தோடு யாராவது எல்லாவற்றையும் 'நாங்கள்' என்று ஒருசீராக்கிவிடுவார்கள். தமிழ்க் கடைகளில் இளையோர் நாவலுக்குத் தனி அலமாரி பெரும்பாலும் இல்லை, சிறார் நூல்களுக்கு நடுவில் வைத்தால் பதினாறு வயதுக்காரர்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். ஆகவே பின்னட்டையில் '14 வயதுக்கு மேல்' என்று மட்டும் சிறிதாகப் போட்டு, நாவல் வரிசையிலேயே வைக்கச் சொல்லுங்கள். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியை ஒட்டி வருவதால், அதற்குப் புத்தகம் வரவேண்டுமானால் கையெழுத்துப் பிரதி ஆகஸ்டுக்குள் பதிப்பாசிரியர் மேசையில் இருப்பது நல்லது. அக்டோபரில் கொடுத்தால் மெய்ப்புப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.